பருப்புக்குப் பூட்டு

செப்டம்பர் 12, வெள்ளி இரவு

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, காலைத் தொட்டுக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் விடுதி வார்டம்மாவிடம் வேண்டாம். என் தோழி ஆவுடையிடமும் வேண்டாம். அவள் எதையும் சத்தம் போட்டுத்தான் வாசிப்பாள்.

என் பெயர் முப்பிடாதி. பன்னிரண்டாம் வகுப்பு. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பத்தாவது முடித்ததும் பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா சாப்பிடாமல் படுத்துக் கிடந்துதான் என்னை இங்கே அனுப்பினாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஹாஸ்டல்லருந்து ஒம்மேல ஒரு பிராது வரட்டும், அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்து தட்டு முன்னால ஒக்காந்துரணும்."

அதனால் இங்கே நான் இருக்கும் இடம் எனக்கே தெரியாமல் இருக்கிறேன். இட்லி கல்லாக இருந்தாலும் 'நல்லா இருக்கு' என்பேன். அப்படி இருந்தவளை இன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார் வார்டம்மா.

விஷயம் இதுதான். இங்கே முன்பு படித்த அக்கா ஒருவர் இரண்டு கம்ப்யூட்டர், நான்கு டேப், ஒரு வைஃபை ரவுட்டர் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாலையில் ஆன்லைன் வகுப்பு பார்க்க. நாளை கேபிள்காரர் வருகிறார்.

"கம்ப்யூட்டர் குரூப்பு படிக்கது யாரு?"

விடுதியில் நான் ஒருத்திதான்.

"அப்ப இது ஒம் பொறுப்பு. பாஸ்வேர்டு ஒனக்கு மட்டுந்தான் தெரியணும். வெளிய போச்சுன்னு வையி, ஒங்கப்பாவுக்கு நேரா போனுதான்."

பழைய மளிகை அறைதான் இனி கம்ப்யூட்டர் அறை. சாவி என்னிடம். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நெஞ்சு அடித்துக்கொள்வது மூட்டைக்குக்கூடக் கேட்கும்.

செப்டம்பர் 13, சனி

கேபிள்காரர் அந்தோணி அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். ராகுகாலம் முடியட்டும் என்று வார்டம்மா உட்கார வைத்துவிட்டார். அதற்குள் அவர் மூன்று டீ குடித்துவிட்டு, எங்கள் சுவர்க் கடிகாரத்தையும் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தார்.

அப்புறம் இடப் பிரச்சினை. வார்டம்மாவுக்கு ரவுட்டர் ஈசானி மூலையில் இருக்க வேண்டும். ஈசானி மூலையில் இருப்பதோ இரும்பு பீரோ.

"இரும்பத் தாண்டிப் போவாதும்மா இது" என்றார் அந்தோணி அண்ணன்.

"சாமி மூலையிலருந்து போவாதது வேற எங்கருந்து போவும்?"

பேசிப் பேசி, அறை நடுவில் துவரம்பருப்பு டின் இருக்கும் பலகையில் வைத்தோம். சுவரில் கேபிள்காரரின் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் ரவுட்டர். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் வயர்தான். டேப்களுக்குத்தான் வைஃபை.

அந்தோணி அண்ணன் வைத்த பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. "எல்லா வீட்டுலயும் இதான் போடுவேன், யாருக்கும் மறக்காது பாத்துக்கோ" என்றார். எனக்கு இப்போது இந்த ஊரில் பாதி வீட்டு வைஃபை தெரியும். ஒன்றும் செய்ய மாட்டேன். ஆனாலும் தெரியும்.

ரவுட்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்று உள்ளே வருகிறவர்களுக்கு. இன்னொன்று, அந்தப் பூட்டையே மாற்ற வருகிறவர்களுக்கு. இரண்டாவதை எல்லாரும் மறந்துவிடுவார்களாம். கம்பெனிக்காரன் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவிதான் வைத்து அனுப்புகிறானாம். நான் அதைத்தான் முதலில் மாற்றினேன். அந்தோணி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாலாவது டீ கேட்டார்.

அடுத்தது பெயர். அறக்கட்டளை நிறுவனரின் முழுப் பெயரையும் வைக்க வேண்டும் என்றார் வார்டம்மா. முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. பட்டங்கள் எல்லாம் ஏறின. நிறுவனர் ஏறவில்லை.

"சரி, பெண்கள் விடுதின்னு போடு."

"வேண்டாம் வார்டம்மா. ரோட்டுல போறவன் போன்லயும் அந்தப் பேரு தெரியும்."

வார்டம்மா முதன்முதலாக என்னை ஒரு மனுஷியைப் போலப் பார்த்தார். "பின்ன என்னதான் வைப்ப?"

கண்ணெதிரே இருந்தது அந்த டின். "பருப்பு."

"பருப்பா!"

"யாருக்கும் திருடத் தோணாது வார்டம்மா."

இப்படித்தான் எங்கள் வைஃபைக்குப் பருப்பு என்று பெயர் வந்தது. பாஸ்வேர்டை நான் மட்டுமே அறிந்த ஒரு நீளமான வாக்கியத்தின் முதலெழுத்துகளால் செய்தேன், நடுவில் எண்களும் வைத்தேன். இங்கே எழுத மாட்டேன். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும்போது வார்டம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"எங்கிட்ட சொல்லாத பிள்ள. எனக்கு எதுக்கு அந்தக் கருமம்? இந்தப் பட்டன் போனே எனக்குச் சொமை" என்றார்.

திரும்பிப் பார்த்தபோது அவர் கண் கம்ப்யூட்டர் மேல் இருந்தது, உதடு மட்டும் அசைந்தது. நல்லபடியாக முடிய சாமியை வேண்டிக்கொண்டார் போல. நல்ல மனசு.

செப்டம்பர் 15, திங்கள்

ஆவுடை எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். ரோஸ்லின் என் யூனிபார்மைத் துவைத்துக் காயப்போட்டாள். இதுவரை என்னிடம் பேசியே இராத ஒரு பிள்ளை கடலைமிட்டாய் நீட்டி, "முப்பி, நீ ரொம்ப அழகா இருக்கட்டி" என்றாள்.

விடுதியில் போன் வைத்திருக்கக் கூடாது. எத்தனை போன் இருக்கிறது, எந்தெந்த மாவு டப்பாவுக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

எனக்கு இந்தக் கவனிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடலைமிட்டாயைக் கீழே போடுவது பாவம் என்பதால் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

கண்டுபிடிக்கும் போட்டி நடத்துகிறார்கள். என் அம்மா பெயர், ஊர்ப் பெயர், எங்கள் குலசாமி, எங்கள் ஆட்டுக்குட்டி பெயர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"ஏட்டி முப்பி, ஒரே ஒரு எழுத்து சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள் ஆவுடை.

"ஒரு எழுத்து தெரிஞ்சு என்னட்டி செய்யப்போற?"

"ஒரு ஆறுதல்தான்."

சிரித்துவிட்டேன். சொல்லவில்லை. என் முன்னால் ஒரு பீடித்தட்டு வந்து நின்றது.

செப்டம்பர் 18, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

இரவு கம்ப்யூட்டரை அணைக்கும் முன் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். இரண்டு கம்ப்யூட்டர். டேப் நான்கும் அணைத்துப் பீரோவுக்குள். ஆகவே இரண்டு பெயர்தான் இருக்க வேண்டும்.

மூன்று இருக்கிறது. மூன்றாவது ஒரு போன்.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டு உள்ளே வந்திருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறினேனா என்று ஆவுடையிடம் கேட்டேன். "உளறுத. ஆனா வேதியியல் சமன்பாடுதான் உளறுத. அதை வச்சு என்ன செய்ய?" என்றாள்.

வார்டம்மாவிடம் உடனே சொல்லலாம் என்றால் அவர் ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அறைக்குள் தாழ்போட்டுச் சாமி கும்பிடுவார். இடிவிழுந்தாலும் கதவைத் தட்டக் கூடாது. அதுவும் சொன்னால் என்ன ஆகும்? 'ஒங்கிட்டருந்துதான் போயிருக்கு' என்பார். அப்பாவுக்குப் போன் போகும்.

ஒன்பதரைக்கு அந்தப் போன் தானாகவே போய்விட்டது.

செப்டம்பர் 20, சனி

நேற்றும் வந்தது அந்தப் போன். அதே நேரம். கணக்காக வருகிற திருடன்.

இன்னொரு துக்கம். வார்டம்மாவின் சொந்தத்தில் ஏதோ பெரிய விபரீதம் நடந்திருக்கிறது. சமையல் செய்யும் பேச்சியக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போனபோது காதில் விழுந்தது.

"பாலுல வெசத்தக் கலந்துட்டா பேச்சி, அந்த மாமியாக்காரி! ஒண்ணுந் தெரியாத பிள்ள ஸ்ரீநிதி. டம்ளர வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டா."

"ஐயய்யோ! குடிச்சாளா?"

"அது திங்கக்கெழமதான் தெரியும்."

ஏன் திங்கட்கிழமை என்று விளங்கவில்லை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அன்றைக்குத்தான் வருமோ என்னவோ. இவ்வளவு பெரிய கவலையை மனதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு உப்புமா கிண்டச் சொல்லி மேற்பார்வை பார்க்கிறார். நான் திருட்டுப் போன் விஷயத்தையும் சொல்லி அவரை மேலும் நோகடிக்க வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

செய்துவிட்டேன்!

ஒவ்வொரு போனுக்கும் மாறாத ஓர் எண் உண்டு, நமக்குக் கைரேகை போல. அந்த எண்ணை ரவுட்டரில் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே வர முடியாது. ஒன்பது அடித்தது. திருடன் வந்தான். எண்ணைக் குறித்தேன், சேர்த்தேன், அழுத்தினேன். பட்டியலில் இருந்து அப்படியே மறைந்தான். இதைப் போல ஒரு மகிழ்ச்சியை நான் அனுபவித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் வார்டம்மா பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். தலை கலைந்திருந்தது.

"அந்தப் பெட்டிக்கு ஒடம்புக்கு என்ன?"

"நல்லா இருக்கு வார்டம்மா."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"எல்லா லைட்டுமா?"

"எல்லாந்தான். ஏன் வார்டம்மா?"

"ஏன்னா என்ன ஏன்? பொறுப்புள்ளவ கேக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் திரும்பி நின்று ரவுட்டரைப் பார்த்த பார்வை, ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டவர் பார்வை.

எவ்வளவு அக்கறை! திருடன் வந்தது அவர் மனசுக்கே தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இல்லை என்று ரோஸ்லின் சொன்னதற்கு வார்டம்மா, "ஊர் ஒலகத்துல ஆளாளுக்கு வெசத்தக் குடிக்கான், ஒனக்கு உப்பு கேக்குதோ?" என்றார்.

என் மனம் கேட்கவில்லை. மாலையில் தனியாக இருந்தபோது, "ஸ்ரீநிதி அக்கா இப்ப எப்படி இருக்காங்க வார்டம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "எந்த ஸ்ரீநிதி? ஒனக்கு யாரு சொன்னா?"

"பேச்சியக்காட்ட சொல்லிட்டிருந்தீங்க."

"அது... அது தூரத்துச் சொந்தம். இருக்காளோ செத்தாளோ, எனக்கு யாரு சொல்லுதா!" கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

ஸ்ரீநிதிக்காக இன்று விளக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். ஆவுடையையும் கும்பிட வைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் சிறப்பு வகுப்பு என்று நாங்கள் இங்கேயே. ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் லீவு. திருடன்தான் ஒழிந்தானே என்று, ராத்திரி ரவுட்டரின் பக்கத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். டேப்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று.

அப்பா விடுதி போனில் கூப்பிட்டார். "பிராது ஏதும் இல்லல்லா?" என்றார்.

"இல்லப்பா."

"இருக்கப்பிடாது. ஒனக்குன்னு புதுசா ஒரு தட்டு வாங்கிப்போட்டிருக்கேன். சும்மாதான் கெடக்கு."

பின்னால் அம்மா, "அதுல நான் வத்தல் காயப்போட்டிருக்கேன்னு சொல்லுங்க" என்று கத்தியது கேட்டது. அம்மாவை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். அப்புறம் கணக்குப் போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. இந்த ஒரு நாள்தான் புத்தகத்தைத் தொட்டால் திட்டு விழும். அப்படி ஒரு சந்தோஷம்!

எல்லார் புத்தகமும் அடுக்கி, அதன் மேல் ஆவுடையின் கணக்குக் கைடை வைத்தோம். "இதுக்குத்தாம்ட்டி அருள் அதிகமா வேணும்" என்றாள். பேச்சியக்கா அரிவாள்மனை, கரண்டி எல்லாம் கொண்டு வந்து வைத்தார்.

வார்டம்மா ஒரு முடிவோடு எழுந்தார். "அந்தப் பெட்டியயும் கொண்டா. அதுவும் கல்விக்கு வந்ததுதானே? அருள் இல்லாமத்தான் ஒழுங்கா வேல செய்ய மாட்டேங்கு."

ரவுட்டரை அணைத்துக் கழற்றி எடுத்து வந்தேன். வார்டம்மா தன் கையால் குழைத்த சந்தனத்தைத் தாராளமாகச் சாத்தினார். முன்னால், மேலே, பக்கத்தில், பின்னால் எல்லா இடத்திலும். நெற்றிக்கு நேரே குங்குமம். இரண்டு ஆன்டெனாவிலும் கதம்பம் சுற்றியதும் அது காது குத்துக்குத் தயாரான பிள்ளை மாதிரி இருந்தது. வார்டம்மா கண்ணை மூடி ரொம்ப நேரம் வேண்டினார். யாருக்காக என்று எனக்குத் தெரியும். ஸ்ரீநிதிக்காக.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலையில் மறுபூஜை செய்து எல்லாவற்றையும் எடுத்தோம். சந்தனம் காய்ந்து ரவுட்டர் முழுக்க ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையில் வைத்து வயரை மாட்டினேன். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, காற்றுப் போக விட்டிருப்பார்கள் போலிருக்கிறது, அதற்குள்ளும் சந்தனம்.

"நீ தள்ளு, நான் பாக்கேன்" என்று வார்டம்மா வந்தார். அவர் வளையலில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும். எங்களில் யாருக்காவது தாவணி நழுவினாலும் பை அறுந்தாலும் அதிலிருந்துதான் ஒன்று கிடைக்கும். ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் விட்டு, காதுக் குறும்பி எடுப்பதைப் போல அழுத்தி அழுத்தி நோண்டினார்.

திடீரென்று எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்து, ஒன்றாகக் கண்சிமிட்டின.

"பாத்தியா, சரஸ்வதி கண்ணத் தொறந்துட்டா!" என்றார் வார்டம்மா.

கம்ப்யூட்டரில் பார்த்தேன். இணையம் வந்தது. எல்லாம் சரி.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று பாயசம். காரணம் கேட்டால் சொல்லவில்லை. ஆனால் பேச்சியக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன், ஸ்ரீநிதி பிழைத்துவிட்டாள்! முழுசாக அல்ல, ஆஸ்பத்திரியில் மயக்கமாக இருக்கிறாளாம். மாமியார் தலைமறைவாம். புருஷன் துபாயில் இருந்து கிளம்பிவிட்டானாம். இத்தனை நாள் ஒரு சேதியும் இல்லாமல், எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்திருக்கிறது. வார்டம்மா கண் சிவந்திருந்தது. விடிய விடிய யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள், பாவம்.

அக்டோபர் 4, சனி

விடுதிக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் தலையைக் குனிந்தபடி. யாரும் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதுதான் ஆவுடைக்குக் கோபம்.

"இத்தன பேரு வந்து ஒருத்தன்கூட பாக்க மாட்டேங்கானே!"

எதிரே மாடசாமி அண்ணாச்சியின் டீக்கடையில் பத்து மணிக்கே வடை தீர்ந்துவிட்டதாம். வார்டம்மா மாடியில் இருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அவர்கள் போனை மட்டும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அங்கேயே நனைந்தார்கள்.

எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இதுதான் இங்கே நான் எழுதும் கடைசிப் பக்கமாக இருக்கலாம். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பள்ளி விட்டு வந்ததும் டேப்களைத் திறந்தேன். பருப்பைக் காணவில்லை. அந்த இடத்தில் ரவுட்டர் கம்பெனியின் பெயர் இருந்தது. தொட்டதும் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டது.

அதே நேரம் வாசலில் கார் ஹாரன். எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் உலகநாதன் ஐயா திடீர் சோதனைக்கு வந்துவிட்டார். கார் உள்ளே நுழைய முடியவில்லை. வாசல் முழுக்கப் பைக். கூட்டத்தில் ஒருவர் அவரிடமே, "அண்ணாச்சி, காரைக் கொஞ்சம் ஓரமா விடுங்க. சிக்னல மறைக்கி" என்றாராம்.

அவ்வளவுதான். ஐயா உள்ளே வரும்போதே முகம் செம்பருத்திப் பூ.

"பொம்பளப் பிள்ளைக இருக்க எடம்! வாசல்ல என்ன தேரோட்டமா? பாஸ்வேர்ட இவனுகளுக்கு யாரு குடுத்தா?"

"பாஸ்வேர்டே கேக்கலையே சார்!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் வந்தது.

"பூட்டத் தொறந்துபோட்டது யாரு? சாவி யார்ட்ட இருந்துச்சு?"

வார்டம்மா என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளட்ட மட்டுந்தான்யா."

ரவுட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன், என்னதான் நடந்திருக்கும் என்று. கடைசிப் பக்கத்தில் படம் போட்டிருந்தது. பின்பக்க ஓட்டைக்குள் ஊசி விட்டுச் சிறிது நேரம் அழுத்தினால், போட்ட பூட்டு எல்லாம் அழிந்து, கம்பெனியில் இருந்து வந்த நாளைப் போல் ஆகிவிடுமாம். பெயர், பாஸ்வேர்டு, தடைப் பட்டியல், எல்லாம்.

தலையைத் தூக்கினேன். வார்டம்மாவின் வளையல் கண்ணில் பட்டது. கொத்தில் ஓர் ஊக்கின் நுனி மட்டும் மஞ்சளாக, காய்ந்த சந்தனத்தோடு. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அவர் கை மெல்ல முந்தானைக்குள் போயிற்று.

"யாரு செஞ்சிருந்தாலும் சரி, இன்னையோட இந்த காம்பவுண்டுக்குள்ள இருக்கப்பிடாது. அது பிள்ளையா இருந்தாலும் சரி, பெரிய ஆளா இருந்தாலும் சரி!" என்றார் ஐயா.

வார்டம்மாவுக்குப் போக வேறு வீடு கிடையாது. இங்கே எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்குக்கூட இங்கேதான் இருப்பார்.

நான் வாயைத் திறந்தேன். "சந்தனம்யா" என்றேன்.

"என்னது?"

"பூஜையில வச்ச சந்தனம்... உள்ள போயி... எல்லாம் அழிஞ்சிட்டு."

"சரஸ்வதி மேலயே பழி போடுதியா? கேட்டீங்களா வார்டன், சாமிக்கு வச்ச சந்தனம் பூட்டத் தொறந்துட்டாம்! நாளைக்குக் காலைல மொத வேல, இவ அப்பாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க."

"சரிங்கய்யா" என்றார் வார்டம்மா. அவர் குரல் அவர் குரல் மாதிரி இல்லை.

ஊக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயம்தான். வேறொன்றும் இல்லை. நான் பயந்த பிள்ளை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

போவதற்கு முன் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஆவுடை தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பாஸ்வேர்டுகூடக் கேட்காமல், கொஞ்ச நேரம் என் தோளில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்தேன். பூட்டை மாற்றுகிற பூட்டை முதலில். பிறகு பெயர். பிறகு புதிய வாக்கியம், புதிய பாஸ்வேர்டு. இந்த முறை பின்னால் யாரும் நிற்கவில்லை. ஒன்பது அடித்துச் சில நிமிடம் இருக்கும், கடைசிப் பொத்தானை அழுத்தினேன். சுவருக்கு வெளியே இருந்த அத்தனை போனும் ஒரே நொடியில் அறுந்தன.

வெளியே ஒரு பெரிய ஓலம். அதில் மாடசாமி அண்ணாச்சியின் குரல் தனியாகக் கேட்டது: "ஐயோ, ஸ்ரீநிதி!"

அதே நொடியில், அதே சொல், வார்டம்மாவின் அறைக்குள் இருந்தும்: "ஐயோ, ஸ்ரீநிதி!"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரரும் வார்டம்மாவும் எப்படி ஒரே வீட்டுக்குச் சொந்தம் ஆவார்கள் என்று யோசித்தேன். அப்புறம் திங்கட்கிழமை. அப்புறம் ஒன்பதிலிருந்து ஒன்பதரை. அப்புறம் அந்தத் திருட்டுப் போன். அப்புறம், நான் பாஸ்வேர்டு தட்டும்போது முதுகுக்குப் பின்னால் அசைந்த உதடு. அப்புறம், நான் விளக்கு முன்னால் நின்று கண்ணீரோடு கும்பிட்டது. டிவி சீரியலுக்கு! அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. நாளை அப்பா வருவார், வந்து பெட்டியைத் தூக்குவார். எல்லாம் தெரிந்து என்ன பயன்? தெரிந்ததைச் சொன்னால் வார்டம்மா வெளியே. சொல்லாவிட்டால் நான் வெளியே. இரண்டில் எது என்று இப்போதும் எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள்.

வார்டம்மாதான். மெல்லத் தட்டுகிறார். கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறார். திறக்கப் பயமாக இருக்கிறது, கேட்பதை அப்படியே எழுதுகிறேன்.

"முப்பி, முழிச்சிருக்கியா? ஐயாவுக்குப் போன் போட்டு ஊக்கு விசயத்தச் சொல்லிட்டேன். நாந்தான் குத்துனேன்னு. நல்லா வஞ்சாவ. வையட்டும், பெரியவுக. ஒங்கப்பாவுக்குப் போனும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. நீ கதவத் தெறட்டி. அந்தப் பிள்ளைய இப்பத்தான் ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோனாவ, நேரா அந்த எடத்துலயா நிறுத்துவ? கேட்டியா முப்பி, புது பாஸ்வேர்டு மொத எழுத்து